மெட்ரோ மேலே செல்கிறது, சாலை யாருக்கு?

தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து சிராக் தில்லி வழியாக மூல்சந்த் வரை ஒரு சாலை செல்கிறது. நீளம் 6 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆய்வுக்காக இந்நகரத்திற்கு வந்த நாள் முதல் அச்சாலையில் பேருந்தில் சென்று வருகிறேன். 2008இல் அதன் நடுவே பேருந்துகளுக்கென்று தனித் தடம் ஒதுக்கப்பட்டது. 2016இல் அத்தடம் இடித்து அகற்றப்பட்டது. 2024 மார்ச் மாதம் லாஜ்பத் நகர் முதல் சாகேத் ஜி பிளாக் வரையிலான மெட்ரோ தடத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்தடத்தின் பெரும்பகுதி இதே சாலையின் மேல் உயர்பாதையாக அமையவிருக்கிறது. பதினாறு ஆண்டுகளில் ஒரே சாலைக்கு மூன்று முடிவுகள். மூன்றுக்கும் சூட்டப்பட்ட பெயர் வளர்ச்சி.

மெட்ரோவை விரிவுபடுத்துவதா, பேருந்துகளைப் பெருக்குவதா என்று நம் கருத்தரங்குகளில் நடக்கும் விவாதம் முழுவதும் இச்சாலைக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவ்விவாதத்தை நாம் பெரும்பாலும் தொழில்நுட்ப விவாதமாகவே நடத்துகிறோம்: எது வேகமானது, எது அதிகம் பேரைச் சுமக்கும், எது குறைவாக மாசுபடுத்தும் என்று. இக்கேள்விகள் தேவையானவையே. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி என்பது என் வாதம். மெட்ரோ கட்டி முடிந்தபின் கார்களிடமிருந்து ஓர் அடி சாலையைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. பேருந்து சரியாக இயங்க வேண்டுமென்றால் சாலையில் அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைக் கார்களிடமிருந்துதான் பெற்றாக வேண்டும். இந்திய நகரங்களில் மெட்ரோவுக்கு அனைத்துக் கட்சிகளும் ஒரே குரலில் ஆதரவளிப்பதற்கும், பேருந்துத் தடங்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்படுவதற்கும் காரணம் இந்த ஒரு வேறுபாடுதான்.

மெட்ரோவுக்கு எதிராக எழுதுவதாக இதை வாசிக்க வேண்டாம். 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஜாரிக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது, இந்தியாவில் பொதுப் போக்குவரத்து என்பது தாமதத்திற்கும் அழுக்கிற்கும் மறுபெயர் என்ற எண்ணம் உடைந்தது. இ. ஸ்ரீதரன் தலைமையில் பணிகள் உரிய காலத்தில் முடிந்தன என்பது சிறிய சாதனையன்று. 2010 அக்டோபரில் முதல் பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. இரவு ஒன்பது மணிக்கு நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெட்டி என்ன பொருள் தரும் என்பதை எந்தப் போக்குவரத்து மாதிரியும் கணக்கிட்டதில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி நான்.

மெட்ரோ இன்றியமையாத தடங்களும் உண்டு. தில்லியின் மஞ்சள் தடத்தில் காலை ஒன்பது மணிக்கு ராஜீவ் சௌக்கில் நின்று பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். எட்டுப் பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கிறது. சில நிமிட இடைவெளியில் அடுத்தது வந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தைப் பேருந்துகளில் ஏற்றிவிடலாம் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஒரு பெருநகரத்தில் அவ்வாறான அடர்ந்த தடங்கள் எத்தனை, அவற்றைத் தாண்டி நீட்டிக்கொண்டே போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் யாருக்குப் பயன்படுகிறது, அதே பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

மீண்டும் அச்சாலைக்கு வருவோம். தில்லி ஐ.ஐ.டி.யின் போக்குவரத்து ஆய்வாளர்கள் வடிவமைத்த அந்த விரைவுப் பேருந்துத் தடம், பி.ஆர்.டி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. சாலையின் நடுவே ஒவ்வொரு திசையிலும் பேருந்துக்கு ஒரு தடம். அதை அடுத்து கார்களுக்கும் பிற வாகனங்களுக்கும் தடங்கள். ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்போருக்கும் தனிப் பாதை. தில்லி கேட் வரை செல்ல வேண்டிய தடம் மூல்சந்தோடு நின்றது. தொடங்கிய சில வாரங்களிலேயே நகரத்தின் ஆங்கில நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதை ஒரு பேரிடராகச் சித்திரித்தன. சிராக் தில்லி சந்திப்பில் வரிசையாக நின்ற கார்களின் படங்கள் நாள்தோறும் வெளிவந்தன. அதே நேரத்தில் அக்கார்களைக் கடந்து சென்ற பேருந்துகளுக்குள் இருந்தவர்களின் படங்கள் அரிதாகவே வந்தன.

2012இல் விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. பேருந்துத் தடத்தைப் பிற வாகனங்களுக்கும் திறந்துவிட வேண்டுமென்பது கோரிக்கை. கார்களில் பயணிப்போரே செல்வத்தை உருவாக்குகிறவர்கள், அவர்களுடைய நேரம் வீணாகிறது என்ற வாதமும் மனுதாரர் தரப்பில் முன்வைக்கப்பட்டது. இவ்வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காரில் செல்பவரின் வீட்டைப் பெருக்கி, அவருடைய குழந்தையைக் கவனித்து, அவருடைய அலுவலகத்தைக் காவல் காத்து, அவருக்கு மதிய உணவு சமைக்கிறவர்கள் பேருந்தில் வருகிறார்கள். அவர்கள் உருவாக்குவதற்கு இவ்வாதத்தில் பெயரே இல்லை. நீதிமன்றம் அம்மனுவை அதே ஆண்டு அக்டோபரில் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் முன் வென்ற தடம் அரசியலின் முன் தோற்றது. 2015 ஜூலையில் தில்லி அமைச்சரவை அதைக் கைவிட முடிவெடுத்தது. 2016 ஜனவரியில் இடிக்கும் பணி தொடங்கியது.

பி.ஆர்.டி.யில் குறைகளே இல்லை என்று வாதிட முடியாது. தடம் சாலையின் நடுவே இருந்ததால் பேருந்து ஏறுவோர் ஓடும் வாகனங்களுக்கிடையே சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. எல்லாவகைப் பேருந்துகளும் அத்தடத்தில் நுழைந்தன. பழுதடைந்த ஒரு பேருந்து பின்னால் வரும் அனைத்தையும் நிறுத்தியது. சிக்னல்களில் காத்திருக்கும் நேரம் மிக நீண்டது. பயணச்சீட்டைப் பேருந்துக்குள்ளேதான் வாங்க வேண்டும் என்பதால் நிறுத்தங்களில் தாமதமாயிற்று. 2009இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட ஜன்மார்க் இவற்றுள் பலவற்றைத் தவிர்த்தது: மூடிய தடம், உயர்ந்த மேடை, ஏறும் முன்பே சீட்டு. ஆக, குறைகள் திருத்தக்கூடியவை. தில்லி மெட்ரோவின் தொடக்க ஆண்டுகளிலும் குறைகள் இருந்தன. கட்டுமானத்தின்போது 2009இல் ஜம்ரூத்பூரில் தூண் சரிந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்காக மெட்ரோவையே இடித்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் கூடாது. ஒன்றின் குறை திருத்தத்திற்கு உரியதாகவும், மற்றொன்றின் குறை மரண தண்டனைக்கு உரியதாகவும் ஏன் கருதப்பட்டது என்பதே கேள்வி.

இது தில்லியோடு முடிந்த கதையுமன்று. 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின் நிதியில் பல நகரங்கள் பேருந்துத் தடங்களை அமைத்தன. போபால் தன் தடத்தை 2024 ஜனவரியில் அகற்றத் தொடங்கியது. இந்தூரில் 2013 முதல் இயங்கிய 11 கிலோமீட்டர் தடத்தை அகற்ற 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் வழிவிட்டது. அதே ஆண்டு மே 31 அன்று அந்நகரில் மெட்ரோ தொடங்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரு வரவு, ஒரு செலவு. பேருந்துத் தடத்தால் நெரிசல் என்று சொல்லி அதை அகற்றிவிட்டு, நெரிசலைக் குறைக்க மெட்ரோ வேண்டும் என்று சொல்வதில் உள்ள முரண்பாடு எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

நம் கொள்கை ஆவணங்கள் இப்படிச் சொல்லவில்லை என்பது இன்னும் விந்தையானது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகர வேண்டியவர்கள் மனிதர்கள், வாகனங்கள் அல்ல என்ற கோட்பாட்டை மையமாகக் கொண்டது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, மெட்ரோவைக் கோரும் நகரம் முதலில் பேருந்துத் தடம், இலகு ரயில், டிராம் போன்ற மாற்று வழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து காட்ட வேண்டுமென்று விதித்தது. நடைமுறையில் இந்த ஒப்பாய்வு, முன்பே எடுத்த முடிவுக்குப் பின்னர் எழுதப்படும் முன்னுரையாகவே பல இடங்களில் அமைகிறது. பெரும்பாலான நகரங்களில் மெட்ரோ பயணிகள் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2022இல் சுட்டிக்காட்டியது. அதன் பின்னரும் நாம் கொண்டாடும் அளவீடு ஒன்றே: நாட்டில் மெட்ரோவின் நீளம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒரு நகரத்தின் போக்குவரத்தை அதன் பாதையின் நீளத்தால் அளப்பது, ஒரு நூலகத்தை அதன் அலமாரிகளின் நீளத்தால் அளப்பதைப் போன்றது.

இனி கணக்குக்கு வருவோம். பேருந்துக் கழகத்தைப் பற்றிய எந்தச் செய்தியும் 'நஷ்டம்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. மெட்ரோவைப் பற்றிய செய்தி 'முதலீடு' என்ற சொல்லோடு தொடங்குகிறது. இரண்டிலும் செலவாவது பொதுப்பணம்தான். மெட்ரோவின் கட்டுமானச் செலவில் பெரும்பகுதி ஜப்பானிய நிறுவனத்தின் குறைந்த வட்டிக் கடனாகவும், மத்திய, மாநில அரசுகளின் பங்கு மூலதனமாகவும் வருகிறது. நிலத்திற்கும் வரிகளுக்கும் அரசுகளே வட்டியில்லாக் கடன் தருகின்றன. இவை நியாயமான உதவிகளே. ஆனால் ஓட்டுநரின் சம்பளத்திற்கும் எரிபொருளுக்கும் பேருந்துக் கழகத்திற்குத் தரப்படும் பணம் மட்டும் ஏன் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகச் சித்திரிக்கப்படுகிறது? சாலைக்கும் மேம்பாலத்திற்கும் தெருவோர இலவச நிறுத்தத்திற்கும் ஆகும் செலவைக் கார்களின் 'நஷ்டம்' என்று எந்த வரவு செலவு அறிக்கையாவது எழுதியிருக்கிறதா? கணக்கியல் நடுநிலையானது என்று நம்புவோர் இந்த மூன்று சொற்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எளிய ஒப்பீடு. 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இரண்டு தடங்கள், அதாவது லாஜ்பத் நகர் – சாகேத் ஜி பிளாக், இந்தர்லோக் – இந்திரபிரஸ்தா ஆகியவை சேர்ந்து 20.76 கிலோமீட்டர், மதிப்பிடப்பட்ட செலவு 8,399 கோடி ரூபாய். சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 400 கோடி. இரண்டாவது தடம் பெரும்பாலும் சுரங்கம் என்பதால் இச்சராசரி உயர்கிறது. உயர்பாதைக்கு இதைவிடக் குறைவாகவே ஆகும். எனினும் ஒப்பீட்டுக்குச் சராசரியையே கொள்வோம். ஒரு 12 மீட்டர் மின்சாரப் பேருந்தின் விலை ஒன்று முதல் ஒன்றரைக் கோடி. ஆக, ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் 250 பேருந்துகளுக்குக் குறையாமல் வாங்கலாம். பேருந்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள், மெட்ரோவின் தூண்களும் சுரங்கங்களும் நூறாண்டு நிற்கும் என்று எவரேனும் மறுமொழி கூறுவார். அது சரியான மறுமொழியே. பேருந்தை ஓட்ட ஆள் வேண்டும், பணிமனை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இவ்வொப்பீடு எந்த அவையிலும் எழுப்பப்படுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். எழுப்பி, விவாதித்து, அதன் பின் மெட்ரோதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் அதை ஏற்க எனக்குத் தடையில்லை.

தில்லிக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே ஒரு விடை தந்திருக்கிறது. காற்று மாசு தொடர்பான எம். சி. மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28 அன்று வந்த ஆணை, 2001 ஏப்ரலுக்குள் பேருந்துகளின் எண்ணிக்கையை 10,000ஆக உயர்த்தவும், அவற்றை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றவும் கூறியது. இரண்டாம் பகுதி நிறைவேறியது. உலகமே அதைப் பாராட்டியது. முதற்பகுதி இன்று வரை நிறைவேறவில்லை. 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டி வாங்கிய தாழ்தளப் பேருந்துகளுக்குப் பிறகு தில்லிப் போக்குவரத்துக் கழகம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புதிய பேருந்துகளைத் தன் அணியில் சேர்க்கவில்லை. அதே காலத்தில் மெட்ரோ மூன்றாம் கட்டத்தை முடித்து நான்காம் கட்டத்திற்குச் சென்றது. நகரத்தின் மக்கள்தொகையும் பெருகியது. அண்மைக் காலத்தில் மின்சாரப் பேருந்துகள் வருகின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது; ஆனால் ஆயுள் முடிந்து வெளியேறும் பழைய பேருந்துகளின் இடத்தை நிரப்புவதிலேயே அவற்றின் பெரும்பகுதி செலவாகிறது.

எண்ணிக்கை பற்றியும் ஆய்வாளர்களாகிய நாம் கவனமாக இருக்க வேண்டும். 2024 நவம்பர் 18 அன்று தில்லி மெட்ரோவில் 78.67 லட்சம் பயணங்கள் பதிவாயின. அதற்குப் பின் அதைவிடப் பெரிய எண்களும் வந்துள்ளன. இது பயணிகளின் எண்ணிக்கை என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. மெட்ரோ நிறுவனத்தின் கணக்கீட்டு முறையில், ஒருவர் வழியில் பயன்படுத்தும் ஒவ்வொரு தடமும் ஒரு பயணமாக எண்ணப்படுகிறது. நீலத் தடத்தில் ஏறி, மஞ்சளுக்கு மாறி, ஊதாவில் இறங்கும் ஒரே மனிதர் மூன்று பயணங்கள் ஆகிறார். நிறுவனம் இதை மறைக்கவில்லை. 'பயணங்கள்' என்றே சொல்கிறது. ஆனால் இவ்வெண்ணைப் பேருந்துப் பயணிகளின் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு மெட்ரோ பேருந்தை வென்றுவிட்டது என்று எழுதும் கட்டுரைகளை நம் மாணவர்கள் மேற்கோள் காட்டும்போது நாம் திருத்த வேண்டும்.

எண்களை விட்டு ஒரு மனிதரிடம் வருகிறேன். அம்பேத்கர் நகர் நிறுத்தத்தில் நான் அடிக்கடி சந்திக்கும் ஒரு பெண்மணி சங்கம் விஹாரில் வசிக்கிறார். கிரேட்டர் கைலாஷில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். நான் அவரைத் 'தீதி' என்று அழைப்பேன்; அவர் என்னை 'பேட்டீ' என்பார். மெட்ரோ வரப்போகிறதே, இனி இப்படி வெயிலில் நிற்க வேண்டாமே என்று ஒருநாள் சொன்னேன். "வரட்டும் பேட்டீ, நல்லதுதான். என் மகளுக்குக் கல்லூரி போக உதவும். நான் பேருந்துக்குத்தான் நிற்பேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் கைவிரல்களில் கணக்குப் போட்டுக் காட்டினார். 2025 ஆகஸ்டில் உயர்ந்த கட்டணத்தின்படி, 5 முதல் 12 கிலோமீட்டர் தூரத்திற்கு மெட்ரோ கட்டணம் 32 ரூபாய். போக வர 64; மாதம் 26 நாள் வேலைக்கு 1,664. அட்டைத் தள்ளுபடி பத்து சதவீதம் போனாலும் ஏறத்தாழ 1,500 ரூபாய். ஒரு வீட்டில் அவருக்குக் கிடைக்கும் மாதச் சம்பளத்தில் அது பாதிக்கும் மேல். பேருந்தில் அவருக்குச் செலவு ஏதுமில்லை.

2019 அக்டோபர் 29 முதல் தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் நடைமுறைக்கு வந்தது. அந்த இளஞ்சிவப்புச் சீட்டு இந்நகரத்தின் உழைக்கும் பெண்களுக்கு எத்தனை பெரிய திறப்பு என்பதைப் பேருந்தில் ஏறிப் பார்த்தால் தெரியும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலும், கர்நாடகத்தில் 2023 ஜூன் முதலும் இதே பாதை பின்பற்றப்பட்டது. மெட்ரோவிலும் இச்சலுகையைக் கொண்டுவர 2019 ஜூனில் தில்லி அரசு முன்மொழிந்தபோது, ஸ்ரீதரன் பிரதமருக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். ஒரு பிரிவினருக்கு இலவசம் தந்தால் பிறரும் கேட்பர், நிறுவனம் நொடிந்துபோகும், உதவ வேண்டுமென்றால் பணத்தை நேரடியாகப் பெண்களிடமே கொடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவரின் கவலையாக அதை நான் மதிக்கிறேன். எனினும் அவ்வாதம் ஒன்றை ஒப்புக்கொள்கிறது: மெட்ரோ தன் செலவைப் பயணியிடமிருந்தே மீட்க வேண்டிய அமைப்பு. அவ்வாறாயின், பயணச் செலவைத் தாங்க இயலாதவர்களுக்கு நகரம் எதை வைத்திருக்கிறது என்ற கேள்விக்குப் பேருந்தைத் தவிர வேறு விடை இல்லை. 2017இல் மே மாதமும் அக்டோபர் மாதமும் கட்டணம் உயர்ந்து, அதிகபட்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாயானது. அதன் பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பயணிகள் குறைந்ததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த விடை காட்டியது. குறைந்தவர்கள் காரில் ஏறியிருக்கமாட்டார்கள் என்று ஊகிப்பதற்கு ஆய்வுப் பட்டம் தேவையில்லை. மாணவர்களுக்கும் மெட்ரோவில் சலுகைக் கட்டணம் இல்லை, பேருந்தில் உண்டு.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். முதலாவது: நடுத்தர வர்க்கம் பேருந்தில் ஏறாது, அவர்களைக் காரிலிருந்து இறக்க மெட்ரோவால் மட்டுமே முடியும். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பேருந்து எப்போது வரும் என்று தெரியாமல் நாற்பது நிமிடம் காத்திருந்து, வந்ததும் கார்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும் சேவையை யார்தான் விரும்புவர்? மெட்ரோவை மக்கள் விரும்புவது அது தண்டவாளத்தில் ஓடுவதால் அன்று; குறித்த நேரத்தில் வருவதாலும், வழியில் எவரும் குறுக்கே நிற்காததாலும்தான். இவ்விரண்டையும் பேருந்துக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு அல்லவா அது தோற்றதா இல்லையா என்று தீர்ப்பெழுத வேண்டும்?

இரண்டாவது: எதிர்கால மக்கள்தொகைக்கு மெட்ரோவைத் தவிர வேறு வழியில்லை, இன்று கட்டாவிட்டால் நாளை நிலம் கிடைக்காது. நீண்டகாலத் திட்டம் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் எதிர்காலத்திற்காகக் கட்டுவது, நிகழ்காலத்தைக் கைவிடுவதற்கான அனுமதி ஆகாது. ஒரு மெட்ரோ தடம் ஒப்புதலிலிருந்து திறப்பு வரை ஏழெட்டு ஆண்டுகள் எடுக்கிறது. 2019 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத் தடங்களின் பணி இன்னும் முழுமையடையவில்லை. ஒரு மாணவி பள்ளியில் நுழைந்து வெளியேறும் காலம் அது. பேருந்துத் தடத்திற்குத் தேவைப்படுவது சாயமும் தடுப்புக் கட்டைகளும் காவலரும், இவை அனைத்திற்கும் முன்னால் ஒரு முடிவும்.

மூன்றாவது: ஏன் இரண்டையும் செய்யக்கூடாது? செய்ய வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். மெட்ரோ நிலையத்தில் இறங்கியவர் வீடு சேரப் பேருந்தும், நடக்கத் தகுந்த நடைபாதையும் இல்லையென்றால் மெட்ரோவே பாதிப் பயணம்தான். இன்று அந்த இடைவெளியை இ-ரிக்‌ஷாக்களும் ஷேர் ஆட்டோக்களும் நிரப்புகின்றன. அதற்கு ஆகும் பத்து இருபது ரூபாய் எந்தக் கட்டண அட்டவணையிலும் தென்படுவதில்லை. 1970களில் சரக்கு ரயில்களுக்காகக் கட்டப்பட்டு 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மேம்படுத்தப்பட்ட சுற்றுவட்ட ரயில்பாதை 35 கிலோமீட்டர் நீளத்தில் தில்லியின் நடுவே கிடக்கிறது. நிலையங்களைப் பேருந்தோடும் மெட்ரோவோடும் இணைக்காததால் பெரும்பாலானோர் அப்படியொன்று இருப்பதையே அறியார். ஆனால் இந்த 'இரண்டும்' என்ற சொல், நடைமுறையில் மெட்ரோவுக்கு நிதியும் பேருந்துக்கு நல்வாழ்த்தும் என்று பொருள்படுகிறது.

ஆகவே மெட்ரோ விரிவாக்கத்தை நிறுத்துங்கள் என்பது என் கோரிக்கை அன்று. ஒரு மெட்ரோ தடத்திற்கு ஒப்புதல் அளிக்கும் அதே ஆவணத்தில், அதற்குக் கீழுள்ள சாலையில் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் நடப்போருக்கும் எத்தனை மீட்டர் அகலம் ஒதுக்கப்படும் என்பது எழுதப்பட வேண்டும். தூண்கள் எழுந்தபின் மிஞ்சும் சாலை முழுவதையும் கார்களுக்கு விடும் வழக்கம் அப்போதுதான் முடிவுக்கு வரும். மாற்று வழிகளின் ஒப்பாய்வு, முடிவெடுக்கும் முன் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். பேருந்துகளின் செயல்திறனைப் பண நஷ்டத்தால் மட்டும் அளக்காமல், நிறுத்தத்தில் ஒருவர் காத்திருக்கும் சராசரி நிமிடங்களால் அளந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மெட்ரோவும் பேருந்தும் ஒரே கட்டணக் கட்டமைப்புக்குள் வந்து, இறங்கி ஏறுபவரிடம் இரண்டாம் முறை முழுக்கட்டணம் கேட்காத நிலை வர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

நகர்ப்புற ஆய்வு, பொருளியல், சமூகவியல், கட்டடக்கலை பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகரத்தில் மெட்ரோ தூண்கள் நிற்கும் ஏதேனும் ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை ஒரு மணி நேரம் ஓரிடத்தில் நில்லுங்கள். கடந்து செல்லும் வாகனங்களை எண்ண வேண்டாம், மனிதர்களை எண்ணுங்கள். காரில் எத்தனை பேர், பேருந்தில் எத்தனை பேர், நடந்து எத்தனை பேர் என்று தனித்தனியே குறியுங்கள். பிறகு சாலையின் அகலத்தில் யாருக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து, இரண்டு விகிதங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். நூறு பக்க அறிக்கையில் கிடைக்காத தெளிவு அந்த ஒரு தாளில் கிடைக்கும். முடிவு என் வாதத்திற்கு எதிராக அமைந்தாலும் எழுதுங்கள். என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்வேன்.

சில ஆண்டுகளில் அச்சாலையின் மேல் ரயில் ஓடும். தீதியின் மகள் அதில் கல்லூரிக்குச் செல்லக்கூடும். செல்ல வேண்டும் என்பதே என் விருப்பமும். அதே காலையில் அவள் தாய் கீழே, தூணின் நிழலில், பேருந்துக்காக நின்றுகொண்டிருப்பார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பும் இவ்விருவரில் ஒருவருக்காக மட்டும் திட்டமிட்டு, அதை நகரம் முழுமைக்குமான வளர்ச்சி என்று எழுதிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.